'முதல் பெண்' என்னும் முத்திரை: பெண் முன்னோடிகள் எழுதப்படும் முறை குறித்து ஒரு திறனாய்வு

முன்னுரை

தமிழில் பெண் முன்னோடிகளைப் பற்றி வெளிவரும் கட்டுரைகளுள் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. 'முதல் பெண் மருத்துவர்', 'முதல் பெண் பொறியாளர்', 'முதல் பெண் விமானி' என்னும் அடைமொழி முதலில் வரும். அதனைத் தொடர்ந்து பிறந்த ஊர், பெற்ற பட்டம், அடைந்த விருது ஆகியவை வரிசைப்படுத்தப்படும். இத்தகைய சாதனையாளரை நாம் மறந்துவிட்டோமே என்னும் வருத்தத்தோடு கட்டுரை நிறைவுறும். மகளிர் நாள் சிறப்பிதழ்களிலும் பொது அறிவுத் தொகுப்புகளிலும் தமிழ்ப்பள்ளிப் புதிர்ப்போட்டிகளிலும் வழங்கிவருவது இவ்வாய்பாடே.

பெண்ணை வரலாற்றுக்குள் கொண்டுவருவதாகத் தோன்றும் இவ்வாய்பாடு, உண்மையில் அவர் செய்த பணியை நம் பார்வையிலிருந்து விலக்கிவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவுவதற்கு இசை, அறிவியல், வானூர்தி ஆகிய மூன்று துறைகளிலிருந்து தமிழகத்தோடு தொடர்புடைய பெண்மணிகள் சிலர் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளனர். அதன்பின், அதே அளவுகோல் பேராக் மாநிலத்தின் காம்பார் வட்டாரத்திற்கும் அதனைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்களுக்கும் பொருந்துமா என்பது ஆராயப்படும்.

'முதல்' என்பதன் இயல்பு

ஒருவரை 'முதல்' என்று கூறுவதற்கு ஒரு பதிவேடு வேண்டும். பட்டம் வழங்கும் பல்கலைக்கழகம், உரிமம் வழங்கும் அரசுத்துறை, விருது வழங்கும் அமைப்பு ஆகியவற்றின் ஏடுகளில் பெயர் ஏறிய பின்னரே ஒரு பெண் முதல்வராகிறார். எனவே இவ்வடைமொழி அப்பெண்ணின் உழைப்பை அளப்பதில்லை. அந்நிறுவனம் தன் கதவை எப்போது திறந்தது என்பதையே அளக்கிறது. திறக்கப்படாத கதவின் வெளியே நின்று பணியாற்றியவருக்கு அங்கே இடமில்லை.

மேலைநாட்டுத் திறனாய்வு இச்சிக்கலை முன்னரே எதிர்கொண்டுள்ளது. பெருங்கலைஞர்களாகப் பெண்கள் ஏன் தோன்றவில்லை என்னும் வினாவை 1971இல் ஆராய்ந்த லிண்டா நாக்லின், அவ்வினா கேட்கப்படும் முறையிலேயே பிழையிருப்பதைக் காட்டி, கலைப்பயிற்சி நிறுவனங்களின் பக்கம் பார்வையைத் திருப்பினார். அறிவியல் வரலாற்றாசிரியரான மார்கரெட் ரோசிட்டர், பெண்களின் ஆய்வுப்பயன் உடன் பணியாற்றிய ஆண்களின் பெயருக்குச் சேரும் போக்கிற்கு 1993இல் 'மெட்டில்டா விளைவு' என்று பெயரிட்டார். தமிழ்ச்சூழலில் இவற்றோடு மற்றொன்றையும் சேர்த்து எண்ணுதல் தகும். இங்குப் பெண்ணின் புகழ் பறிக்கப்படுவதைக் காட்டிலும், ஒற்றைச் சொல்லாகச் சுருக்கப்படுவதே மிகுதி.

ஆகவே, 'யார் முதல்வர்?' என்னும் வினாவுக்கு மாற்றாக மூன்று வினாக்களை இக்கட்டுரை முன்வைக்கிறது. அவர் செய்த பணி யாது? அதனைத் தடுத்தது எது? அப்பணி அவருக்குப் பின் எவரிடம் சென்று சேர்ந்தது?

இசை: பெங்களூர் நாகரத்தினம்மாள்

பெங்களூர் நாகரத்தினம்மாள் (1878-1952) மைசூர்ப் பகுதியைச் சேர்ந்த நஞ்சன்கூட்டில் தேவதாசி மரபில் பிறந்தவர். சென்னையில் குடியேறிப் பெரும்புகழ் பெற்ற பாடகர். சென்னையில் வருமான வரி செலுத்திய முதல் பெண் கலைஞர் என்னும் செய்தி அவரைப் பற்றிய குறிப்புகளில் தவறாது இடம்பெறுகிறது. ஓர் இசைக்கலைஞரை நினைவுகூரும்போது வரி அலுவலகத்தின் ஏடு முன்னுக்கு வந்து நிற்பது, 'முதல்' தேடும் மனப்பாங்கு எங்கே கொண்டுசேர்க்கும் என்பதற்குத் தக்க சான்றாகும்.

அவர் செய்த பணி வேறு. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் 18ஆம் நூற்றாண்டில் விளங்கிய முத்துப்பழனி என்னும் பெண்கவிஞர் தெலுங்கில் இயற்றிய 'இராதிகா சாந்துவனம்' என்னும் நூலை நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். முன்னர் வெளிவந்திருந்த பதிப்பில் பாடல்கள் சிலவும், கவிஞர் தம் மரபைக் கூறும் முகப்புப் பகுதியும் நீக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சுவடிகொண்டு மீட்டுச் சேர்த்தவர் அவரே. பாட்டி, தாய் என்று பெண்வழியாகவே தம் மரபைக் கூறிக்கொண்ட ஒரு கவிஞரின் நூலிலிருந்து அப்பகுதியே விடப்பட்டிருந்தது கருதத்தக்கது. புறக்கணிக்கப்பட்ட பெண்ணொருவரை மீட்கும் பணியை, இன்று நாம் 'புறக்கணிக்கப்பட்டவர்' என்று குறிக்கும் பெண்மணி நூறாண்டுக்கு முன்பே செய்து முடித்திருக்கிறார். அதன் விளைவு கடுமையாயிற்று. சீர்திருத்தவாதியாகப் போற்றப்பட்ட கந்துகூரி வீரேசலிங்கம் போன்றோர் நூலை ஆபாசமென்று சாடினர். ஆங்கில அரசு நூலைத் தடைசெய்தது. 1947இல்தான் அத்தடை நீங்கியது.

திருவையாற்றில் சிதைந்து கிடந்த தியாகராசர் சமாதியைக் குறித்து அவருடைய ஆசிரியர் பிடாரம் கிருஷ்ணப்பா எழுதியதை அடுத்து, தம் பொருளைச் செலவிட்டு அங்கே கோயில் எழுப்பியவரும் அவரே. 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1925இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. ஆயினும் ஆராதனை விழாவை நடத்திவந்த இரு கட்சியினரும் பெண்கள் அங்கே பாடுவதற்கு இடமளிக்கவில்லை. தாம் கட்டிய கோயிலிலேயே பாட இயலாத நிலையில், பெண்களைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். கட்சிகள் ஒன்றுபட்ட 1940களின் தொடக்கத்தில்தான் பெண்களின் குரல் ஆராதனையில் முறையாக இடம்பெற்றது. தேவதாசி முறை ஒழிப்புச் சட்டமுன்வரைவை எதிர்த்தவர்களுள் அவரும் ஒருவர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. கலைஞராகவும் சொத்துரிமை உடையவராகவும் தமக்கிருந்த தகுதியை அச்சட்டம் குலைத்துவிடும் என்று அவர் அஞ்சினார். 'முன்னோடி' என்னும் சொல்லுக்குள் எளிதில் அடங்காத முரண் இது. வாய்பாட்டுக் கட்டுரைகள் இதனை விட்டுச்செல்வதற்குக் காரணமும் அதுவே.

இன்று மலேசியாவிலும் இசை அமைப்புகள் தியாகராசர் ஆராதனை நடத்துகின்றன. அவற்றில் பெண்கள் முன்வரிசையில் அமர்ந்து பாடுகின்றனர். மூன்றாம் வினாவுக்குரிய விடை அவ்வரிசையில் உள்ளது.

அறிவியல்: ஜானகி அம்மாளும் அன்னா மாணியும்

தலைச்சேரியில் பிறந்த எ. க. ஜானகி அம்மாள் (1897-1984) மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டவராயினும், அவர் கற்றதும் கற்பித்ததும் ஆய்வு செய்ததும் பெரிதும் தமிழ் மண்ணிலேயே. சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, மகளிர் கிறித்தவக் கல்லூரியில் கற்பித்து, பார்பர் உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். 1931இல் அங்கே அறிவியல் முனைவரானார்.

அமெரிக்காவில் தாவரவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் அவரே என்னும் கூற்று பல குறிப்புகளில் காணப்படுகிறது. இது பொருந்தாது. மார்கரெட் பெர்கூசன் 1901இலேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் முனைவர் பட்டம் பெற்றுள்ளார். இந்தியப் பெண்களுள் முதல்வர் என்று கூற எண்ணியது, எடுத்தெழுதப்பட்ட வழியில் உலகப் பெண்களுள் முதல்வர் என்று வளர்ந்திருக்கலாம். 'முதல்' என்பதையே தகுதியாகக் கொள்ளும்போது அதனைப் பெரிதாக்கும் ஆசையும் உடன்வருகிறது. பிழை வெளிப்படும் நாளில் அப்பெண்ணின் பெருமையும் ஐயத்திற்குள்ளாகிறது. அவருடைய பணிக்கோ இத்தகைய முட்டுக்கொடுப்பு தேவையில்லை.

1934 முதல் 1939 வரை கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் அவர் பணியாற்றினார். தடித்து இனிக்கும் கரும்போடு நாணல் வகையைச் சேர்ந்த காட்டுக்கரும்பைக் கலந்து, இந்திய மண்ணுக்கேற்ற கரும்பினங்களை உருவாக்கும் முயற்சி அந்நிலையத்தில் முன்னரே வெற்றி கண்டிருந்தது. அக்கலப்பில் உயிரணுவுக்குள் நிகழ்வது யாது என்பதை, குரோமோசோம்களை எண்ணியும் ஒப்பிட்டும் விளக்கியது ஜானகி அம்மாளின் பங்கு. கரும்பை மக்காச்சோளத்தோடும் மூங்கிலோடும் கலந்து அவர் உருவாக்கிய கலப்பினங்கள், புல்லினங்களுக்கிடையே உள்ள உறவை ஆராய வழிவகுத்தன. பின்னர் இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் நிறுவனத்தில் சி. டி. டார்லிங்டனோடு இணைந்து, பயிர்த்தாவரங்களின் குரோமோசோம் அட்டவணையை 1945இல் வெளியிட்டார். உழவனின் வயலில் நிற்கும் பயிர் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு அந்நூல் பல்லாண்டுகள் துணைநின்றது.

தடை யாது? மணமாகாதவர், பிற்பட்டதாகக் கருதப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்னும் இரு காரணங்களால் கோயம்புத்தூரில் உடன் பணியாற்றிய ஆடவர்களிடையே அவர் இடர்ப்பட்டதை அவருடைய வாழ்வை ஆராய்ந்தோர் சுட்டியுள்ளனர். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்க 1951இல் நேரு அவரை அழைத்தார். 1977இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. எண்பதை நெருங்கிய வயதில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைத் திட்டத்திலிருந்து காக்கும் இயக்கத்திலும் அவர் குரல் கொடுத்தார். அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது 1984 நவம்பரில். அவர் அவ்வாண்டு பிப்ரவரியிலேயே, சென்னையை அடுத்த மதுரவாயலில் உள்ள ஆய்வுக்களத்தில் மறைந்துவிட்டார்.

அன்னா மாணியின் (1918-2001) வாழ்வு இதனினும் தெளிவான பாடம். திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பெங்களூரில் சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஆய்வேட்டையும் எழுதி முடித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. பட்டப் பதிவேட்டை நம்பும் 'முதல்' பட்டியலில் இவர் அறவே இடம்பெற இயலாது. 1948இல் புனே வானிலைத் துறையில் சேர்ந்த இவர், ஏறத்தாழ 100 வானிலைக் கருவிகளுக்குரிய வரைபடங்களைத் தரப்படுத்தி, அவை இந்தியாவிலேயே செய்யப்பட வழிவகுத்தார். சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாடெங்கும் நிறுவினார். 1980இல் அவ்வளவைகள் கையேடாக வெளிவந்தன. பணி ஓய்வுக்குப் பின் காற்றின் வேகத்தையும் நாடு முழுதும் அளந்தார். இந்தியாவில் சூரிய மின்சாரமும் காற்று மின்சாரமும் பற்றிப் பேசும் எவரும் அவருடைய அளவைகளின் மேல் நின்றே பேசத் தொடங்கினர். கருவியைச் சரிசெய்தவரின் பெயர் கருவியின்மேல் எழுதப்படுவதில்லை. பெண்களின் அறிவியற்பணி பலவும் இத்தன்மையதே.

வானூர்தி: உஷா சுந்தரம்

'முதல்' என்பதன் குழப்பம் வானூர்தித் துறையில் உச்சமடைகிறது. சரளா தாக்ரல் 1936இல் 21 வயதில் உரிமம் பெற்றமையால் அவரை முதல்வர் என்பர். பயணிகள் விமான நிறுவனத்தில் பணியாற்றியதால் தக்காண ஏர்வேஸின் பிரேம் மாத்தூரை முதல்வர் என்பர். அரசுடைமையான இந்தியன் ஏர்லைன்ஸில் 1966இல் சேர்ந்ததால் துர்பா பானர்ஜியை முதல்வர் என்பாரும் உளர். விடுதலைக்குப் பிந்தைய முதல் பெண் விமானி என்னும் பெயர் சென்னையோடு தொடர்புடைய உஷா சுந்தரத்திற்கு (1924-2010) வழங்கப்படுகிறது. நால்வரும் தத்தம் வரையறைக்குள் முதல்வரே. வரையறையைக் கூட்டிக்கொண்டே போனால் எவரையும் முதல்வராக்கலாம்.

கணவர் வி. சுந்தரமும் விமானி. 1940களில் இருவரும் பெங்களூரில் குடியேறினர். அங்கே ஜக்கூர் அரசு விமானப் பயிற்சிப் பள்ளியில் 1949இல் பயிற்சி முடித்து வெளிவந்தவர் உஷா. மைசூர் மன்னரின் டகோட்டா விமானத்தைக் கணவரோடு துணைவிமானியாக இருந்து செலுத்தினார். நேருவும் பட்டேலும் அவ்விமானத்தில் பயணம் செய்தவர்கள். 1950களின் தொடக்கத்தில், சென்னை அரசுக்காக வாங்கப்பட்ட டோவ் வகை விமானத்தை இருவரும் இலண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரத்தில் கொண்டுவந்து சேர்த்தனர். பிஸ்டன் பொறி விமானங்களில் அது சாதனையாகக் குறிக்கப்படுகிறது.

இச்செய்திகள் எழுதப்படும் வாக்கிய அமைப்பு நோக்கத்தக்கது. 'கணவரோடு', 'துணையாக' என்னும் சொற்கள் இன்றி உஷாவின் பெயர் வருவது அரிது. மேலே உள்ள வாக்கியங்களும் அதற்கு விலக்கல்ல. விமானி அறையில் இருக்கைகள் இரண்டு. பத்துப் பதினைந்து மணி நேரம் பறக்கும்போது வானிலை நோக்குதல், வழி கணித்தல், வானொலித் தொடர்பு ஆகியவற்றை இருவரும் பகிர்ந்தே செய்தாக வேண்டும். பதிவேடோ தலைமை விமானி ஒருவரையே முன்னிறுத்தும். 'முதல் பெண் விமானி' என்னும் தொடரால் அவரைத் தூக்கி நிறுத்தும் நாம், அவ்விருக்கையில் அவர் செய்த வேலையை ஒரு வரியேனும் விளக்குவதில்லை.

அவருக்குப் பின் என்ன நிகழ்ந்தது? அரசு விமான நிறுவனத்தில் ஒரு பெண் விமானியாக 1966 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 1949இல் திறந்ததாகக் கூறப்படும் கதவு உண்மையில் ஒருவர் நுழைந்ததும் மூடிக்கொண்டது. இன்று பெண் விமானிகளின் விகிதம் உலக அளவில் மிகுந்துள்ள நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இடைப்பட்ட ஆண்டுகளின் தடை எத்தகையது என்பதை 'முதல்' பட்டியல் கூறாது. இரண்டாமவரும் மூன்றாமவரும் யாவர், அவர்கள் ஏன் தாமதித்து வந்தனர் என்று கேட்டால்தான் அது புலப்படும்.

பேராக் மண்ணிலிருந்து

இதுவரை கண்ட பெண்மணிகளுக்கு ஏதேனும் ஒரு நிறுவனத்தின் ஏடு இருந்தது. அவ்வளவும் வாய்க்காத இடத்தில் இவ்வளவுகோல் என்னாகும் என்பதை இனிக் காணலாம்.

2009இல் தனி மாவட்டமாகும்வரை காம்பார், கிந்தா மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அக்கிந்தா மாவட்டத்துப் பாப்பானில், ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மருத்துவப்பணி ஆற்றியவர் சிபில் கார்த்திகேசு (1899-1948). சுமத்திராவின் மேடானில் பிறந்த யுரேசியர். தமிழரான மருத்துவர் அப்டன் கிளமெண்ட் கார்த்திகேசுவின் மனைவி. தாதியும் மருத்துவச்சியுமான இவர், எதிர்ப்புப் படையினருக்கு மறைவாக மருத்துவம் செய்ததற்காக 1943இல் கைதாகிச் சித்திரவதைக்குள்ளானார். ஆங்கில அரசு அவருக்கு ஜார்ஜ் பதக்கம் அளித்தது. அவருடைய நினைவுக்குறிப்புகள் 1954இல் ஆங்கிலத்தில் நூலாயின.

பதக்கம் பெற்ற மலாயாப் பெண் என்றும் வீராங்கனை என்றும் அவர் போற்றப்படுகிறார். அப்போற்றுதல் முற்றிலும் தகும். எனினும் அவர் பட்ட துன்பம் நினைவில் நிற்கும் அளவுக்கு அவருடைய மருத்துவம் நினைவில் நிற்கவில்லை. மருந்து கிட்டாத காலத்தில், ஒரு சிற்றூர்க் கடைவீட்டில், காண்டனீசு மொழியில் நோயாளிகளோடு உரையாடி நடத்திய மருத்துவமனை அது. மலேசிய மருத்துவ வரலாற்றின் பகுதியாக அதனை எழுதுவோர் அரியர். முத்திரை இங்கும் பணியை மறைத்துவிட்டது.

சிபில் கார்த்திகேசுவுக்குப் பதக்கமாவது உண்டு. தோட்டத்துப் பெண்களுக்கு அதுவுமில்லை. விடியுமுன் பிரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, உளியும் வாளியுமாக நிரைக்குச் சென்றவர்கள் அவர்கள். பால்மரம் வெட்டுவது வெறும் கைவேலையன்று. பட்டையின் பால்குழாய்களை அறுக்கவேண்டும். உள்ளிருக்கும் வளர்படலத்தைத் தீண்டலாகாது. தீண்டினால் மரம் புண்பட்டுப் புதுப்பட்டை ஒழுங்காக வளராது. வெயில் ஏறுமுன் மரத்தின் நீரழுத்தம் மிகுந்திருக்கும்போதே பால் நன்கு வடியும். நூலில் படித்தால் தாவரவியல் எனப்படும் இவ்வறிவை அப்பெண்கள் விரல்நுனியில் வைத்திருந்தனர். தோட்டத்துச் செக்ரோலில் அவர்களின் பெயர் இருந்தது. ஆனால் அது அறிவைக் குறித்த ஏடன்று. கூலியைக் குறித்த ஏடு.

இசையிலும் இதுவே நிலை. தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப்பாட்டும் கப்பலேறி வந்து தோட்டங்களில் புதுச்சொற்களோடு வளர்ந்தன. கங்காணியும் துரையும் பால்மரமும் அவற்றுள் புகுந்தமை அறிஞர் கண்ட உண்மை. பாட்டுத் திரட்டப்பட்டு அச்சேறும்போது பாடியவரின் பெயர் விடுபடுவதுண்டு. 'நாட்டுப்புறப் பாடல்' என்னும் வகைப்பெயரே, இயற்றியவர் எவருமிலர் என்னும் எண்ணத்தைப் படிப்போரிடம் வளர்த்துவிடுகிறது. முத்துப்பழனியின் நூலிலிருந்து மரபுரைப் பகுதி நீங்கியதற்கும் இதற்கும் வேறுபாடு மிகவில்லை.

மறுப்பும் விடையும்

இவ்வாறு கூறுவதற்கு மறுப்பொன்று எழலாம். 'முதல் பெண்' என்னும் பட்டியலேனும் இல்லாவிடில் இப்பெயர்கள் மாணவியரின் செவிக்கு எட்டுமா? 'நம்மைப் போன்ற ஒருத்தி' என்னும் ஊக்கத்தை அவ்வடைமொழிதானே தருகிறது? இதில் உண்மை உண்டு. ஆகவே பட்டியலை எறிந்துவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. பட்டியல் வாயிலாக இருக்கலாம்; அதுவே வீடாகிவிடலாகாது. தனியொருத்தி என்று புகழப்படும் பெண், மாணவிக்கு வியப்பை அளிப்பார். அவர் கற்ற வழி, எதிர்கொண்ட தடை, விட்டுச்சென்ற கருவி ஆகியவை விளக்கப்பட்டாலோ, மாணவிக்குப் பின்பற்றும் வழி கிட்டும்.

'மறக்கப்பட்டவர்' என்னும் சொல்லையும் சற்று அளந்தே ஆளவேண்டும். நாகரத்தினம்மாளைத் திருவையாறு மறக்கவில்லை. ஜானகி அம்மாளைத் தாவரவியலார் மறக்கவில்லை. மறந்தது பொதுத்தமிழ் எழுத்தே. குறை எங்குள்ளதோ அங்கேயே அதனைச் சுட்டுவது திறனாய்வின் கடன்.

முடிவுரை

பெண் முன்னோடிகளைப் பற்றிய தமிழ் எழுத்து, பதிவேட்டை நம்பிப் பணியை விட்டுவிட்டது என்பதை மேற்கண்ட சான்றுகள் காட்டுகின்றன. இதனைத் திருத்திக்கொள்ள நம் மாணவர்க்கு வாய்ப்பு அருகிலேயே உள்ளது. பேராக்கின் ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் குடியிருப்புகளாகியும் போயின. அங்கே மரம் வெட்டிய, பாடிய, ஆயாக்கொட்டகையில் பிள்ளை வளர்த்த, மகப்பேறு பார்த்த பெண்களுள் எஞ்சியோர் இன்று முதுமையில் உள்ளனர். களஆய்வுக்குச் செல்லும் மாணவர், பாட்டையும் செய்தியையும் மட்டும் திரட்டாது நான்கு விவரங்களையும் உடன் குறித்துவருதல் வேண்டும். அவர் இசைவோடு அவர் பெயர், அவர் செய்த பணி, அதனை எவரிடம் கற்றார், எவருக்குக் கற்பித்தார் என்பனவே அவை.

இந்நான்கும் குறிக்கப்பட்டால் அவர்களுள் முதல்வர் யார் என்னும் வினா எழாது. குறிக்கப்படாவிடில், அவர்கள் இருந்தார்கள் என்பதற்குக் கூலிக்கணக்கைத் தவிர வேறு சான்று இராது.